ஏழாவது வளைவும் ஏழுமலையின் நிலமும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிவிட்டு ஷோகேஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் வரும் பாதி விஷயம் அந்தக் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவர்கள் கொடுத்ததுதான்.

அன்று முதல் போணிக்கு வந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு விவசாயி. மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. பெயர் ஏழுமலை. நைனார்பாளையம் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம்.

“படிக்கிற கண்ணாடி ஒண்ணு போடணுங்க பாய்.”

“பேப்பர் படிக்கவா அண்ணே?”

“பேப்பர் எங்கங்க படிக்கிறது. செல்லுல ஒரு படம் பாக்கணும். பெருசு பண்ணா கலங்குது, சின்னதா வச்சா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

பேரப்பிள்ளை போட்டோவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான். டிரையல் ஃப்ரேமை மாட்டிவிட்டு லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ப்ளஸ் இரண்டு... கலங்கல். இரண்டரை...

“ஆங், இப்ப தெரியுதுங்க” என்றவர், செல்போனை என் பக்கம் நீட்டினார். “இதுல என் நெலம் செவப்புக் கோட்டுக்குள்ள வருதா, வெளிய நிக்குதான்னு நீங்களும் ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க. நாலு நாளா ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக்கினு இருக்கானுங்க.”

வாங்கிப் பார்த்தேன். ஒரு கிராம வரைபடம். சர்வே நம்பர்கள், ஏரி, வாய்க்கால், ஊர் எல்லாம் இருந்தன. அதன் குறுக்கே தடிமனாக ஒரு சிவப்புக் கோடு. நிலங்களுக்குள் புகுந்து, நெளிந்து, ஏரியைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிகிறது.

“ரிங் ரோடு வருதாம் பாய்” என்றார் ஏழுமலை.

படத்தின் கீழ் மூலையில் குண்டு குண்டாக ஒரு வரி: ‘வரைவு 3. நீளம் 5.2 கி.மீ. அகலம் 12 மீ.’

அந்தக் குண்டு எழுத்து யாருடையது என்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. என்னுடையது.

இங்கே கொஞ்சம் ஓரமாக நிறுத்தி, உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷத்தில் என் சர்க்கரை அளவு, மச்சானோடு போட்ட சண்டை, நான் பல் கட்டிய கதை... எதையுமே உங்களிடம் மறைத்ததில்லை. இதை மட்டும் மறைத்திருக்கிறேன்.

நான் ரேஸ் டிராக் வரைகிறவன். ஆமாம், கார் பந்தயம் நடக்குமே, அந்த டிராக்தான். நானாகக் கற்பனை செய்து வரைவது. யாரும் கட்டப்போவதில்லை, யாரும் ஓட்டப்போவதில்லை.

சிரியுங்கள், பரவாயில்லை. என் மொபெட்டின் முள் நாற்பதைத் தொட்டுப் பல வருஷமாகிறது. ஒரு ரேஸைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஒருமுறை இடுப்பு பிடித்துப் பதினைந்து நாள் படுத்தே கிடந்தேன். ரிமோட் எட்டாத தூரத்தில் இருந்தது. டிவியில் கார்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. பார்க்கிறவர்கள் காரைப் பார்ப்பார்கள்... நான் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எந்த மகராசன் இந்த வளைவை இங்கே கொண்டுவந்து வைத்தான்? நேர் ரோட்டில் தலைதெறிக்க வருகிறவனை ஒரே ஒரு வளைவு எப்படி இப்படிப் பெட்டிப்பாம்பாக அடக்குகிறது? இடுப்பு சரியானது. இந்தக் கிறுக்கு சரியாகவில்லை.

முதலில் வரைந்தது நம் கல்வராயன் மலை ரோட்டை வைத்துத்தான். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் ஏறும்போது, பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். நான் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அப்புறம் மெல்லச் சமவெளிக்கு இறங்கினேன். உளுந்தூர்பேட்டையில் ஒன்று போட்டேன். லாரி நிறுத்துகிற இடங்களையெல்லாம் தவிர்த்துக்கொண்டே போனதில் டிராக் தானாகவே அழகாக நெளிந்து வந்துவிட்டது.

வேலை ரொம்ப எளிது. நெட்டிலிருந்து ஏதாவது ஒரு கிராம வரைபடத்தை இறக்குவேன். அதன்மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனா. வளைவுக்கு என்ன செய்வேன் தெரியுமா? புது ஃப்ரேம்களில் சும்மா ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் மாட்டி வரும். அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை ஒட்டிக் கோடு இழுப்பேன். நீளம் அளக்க ஒரு தையல் நூல். கோட்டின் மேல் நூலைப் படுக்க வைத்து, பிறகு நிமிர்த்தி ஸ்கேலில் பிடித்தால் கணக்கு வந்துவிடும். இப்படி அறுபத்தொரு டிராக் ஒரு ஃபைலில் இருக்கிறது.

இதற்கு நானே வைத்துக்கொண்ட சட்டதிட்டங்களும் உண்டு. ஒரு வீட்டை இடிக்கக் கூடாது. கோயில், பள்ளிவாசல், சர்ச் எதையும் தொடக் கூடாது. கிணற்றை மூடக் கூடாது. கபர்ஸ்தானோ சுடுகாடோ இருந்தால் கோடு நன்றாகத் தள்ளியே போக வேண்டும். “யாரும் போவாத ரோட்டுக்கு இவ்ளோ நியாயமா?” என்று என் மனைவி நூர்ஜஹான் கேட்பாள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஏழுமலையின் ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்த ஏரி. கரை ஒரு மைல் நேராகப் போய், கடைசியில் சட்டென்று ஒடிகிறது. அதில் ஏழாவது வளைவு இருக்கிறதே, அதற்கு மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். நான் இதுவரை போட்டதிலேயே நல்ல வளைவு அதுதான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை... அதாவது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை இருந்ததில்லை.

வீட்டுக்குள் இருந்த காகிதம் ஊருக்குள் எப்படிப் போனது? படத்தைக் கலரில் பெரிதாக்க ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு பிரதி எடுத்ததில் ஒன்று மங்கல். வேண்டாம் என்று அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த யாரோ ஒருவர் கண்ணில் அவர் ஊர்ப் பெயர் பட்டிருக்கிறது. சும்மா விடுவாரா? போட்டோ எடுத்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டார். ‘வரைவு 3’ என்று வேறு இருக்கிறது. அப்படியானால் வரைவு ஒன்றும் இரண்டும் ஏற்கெனவே ஓகே ஆகிவிட்டன என்றுதானே எவரும் நினைப்பார்?

சிலர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். “எனக்கு எந்தத் தகவலும் வரலையே” என்று அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், ஊர் முடிவு கட்டிவிட்டது. தெரியாது என்று ஒரு அதிகாரியே சொன்னால், மேலே ரகசியமாக ஏதோ நடக்கிறது என்றுதானே அர்த்தம்!

சரி, கடைக்கு வருகிறேன்.

“உங்க நிலம் எது அண்ணே?” என்று கேட்டேன்.

டிரையல் ஃப்ரேமோடு குனிந்து, விரலை நகர்த்தி நகர்த்தி, சர்வே நம்பரைக் கண்டுபிடித்து வைத்தார். ஏழாவது வளைவு. சரியாக அதன் நடுவயிறு.

“இந்த வளையற எடம் இருக்குது பாருங்க, இங்கதான் என் வூட்டுக்காரி இருக்கா.”

எனக்குப் புரியவில்லை. “கொல்லையில வீடு கட்டிக்கிட்டு இருக்கீங்களா?”

“வூடு இல்லீங்க. படுத்துக்கினு இருக்கா. மூணு வருசம் ஆவுது. அஞ்சலைன்னு பேரு. ‘என்ன கொல்லியிலயே வச்சிடு, சுடுகாட்டுல தனியா வுட்டுட்டு வந்துடாத’ன்னு சொல்லிட்டுதான் போனா. கெணத்துக்கு அந்தாண்ட வச்சி, தலமாட்டுல ஒரு வேப்பங்கன்னு நட்டேன்.”

எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் இது சாதாரணம். இறந்தவர்களைக் கொல்லையிலேயே, அதாவது சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்துவிட்டு, அதைச் சுற்றியே உழுவார்கள், விதைப்பார்கள். எனக்குத் தெரியாத விஷயமில்லை. பஸ்ஸில் போகும்போது எத்தனை சமாதிகளை மக்காச்சோளத்துக்கு நடுவே பார்த்திருப்பேன்! ஆனால் கிராம வரைபடத்தில் அஞ்சலை இல்லை. வெறும் வெள்ளையாக ஒரு கட்டம், அதற்குள் ஒரு எண். அவ்வளவுதான் இருந்தது.

ஏழுமலை பேசிக்கொண்டே இருந்தார். “ஞாயித்துக்கெழம ஆள வச்சி எடுத்துடலாம்னு சொல்லிட்டேங்க. ஊரு சுடுகாட்டுக்கே மாத்திடறேன். நாளைக்கி ரோடு போட மிஷின் வந்தா வாரிக் கொட்டிட்டுப் போயிடுவான். அதப் பாக்க என்னால ஆவாது. எடுக்கறதுக்கு முன்னாடி என் கண்ணால ஒருவாட்டி கோட்டப் பாத்துடலாம்னுதான் கண்ணாடிக்கு வந்தேன். கோடு ஒரு பத்தடி வெலகி நின்னுச்சின்னா அவள தொட வேணாம் பாருங்க.”

கோடு விலகி நிற்கவில்லை. ப்ளஸ் இரண்டரை லென்ஸில் அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் பார்வையைச் சரிசெய்து, அந்த அநியாயத்தை அவருக்குத் தெளிவாகக் காட்டியவனும் நானேதான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்: அண்ணே, இது நான் விளையாட்டுக்கு வரைந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வியாழக்கிழமை கண்ணாடி ரெடியாயிடும் அண்ணே.”

வாரா வாரம் உங்களுக்கு நல்லது கெட்டது எழுதுகிற மனிதன் இவ்வளவுதான். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. ஐம்பத்தேழு வயது ஆள், கடை முதலாளி, பேரன் எடுத்தவன், வீட்டில் உட்கார்ந்து ரேஸ் டிராக் வரைகிறேன் என்று ஒரு விவசாயியிடம் எப்படிச் சொல்வது? அவர் ஃப்ரேமைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மத்தியானம் வீட்டில் சோறு இறங்கவில்லை.

“இன்னா ஆச்சு? கறி சரியில்லியா?” என்றாள் நூர்ஜஹான்.

“நூரு... ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்த மனுசன் கிட்ட சொல்லாமயே அனுப்பிச்சிட்டீங்களா?”

“வியாழக்கிழமை கண்ணாடி வாங்க வருவாரு. அப்ப மெதுவா சொல்லிடலாம்னு...”

“ரெண்டு நாளு அவரு நிம்மதியா ஒரு வாய் சாப்பிடுவாரா?”

“சொன்னா சிரிப்பாங்கடி.”

“சிரிக்கட்டுமே. சிரிச்சா உங்களுக்கு இன்னா தேஞ்சா போவும்? அங்க ஒரு பொம்பளைய குழியிலேர்ந்து எடுக்கப் போறாங்க. எங்க அத்தா கபுரு மேல எவனாவது வெளையாட்டுக்குக் கோடு போட்டா நான் சும்மா வுடுவனா?”

மறுநாள் காலையிலேயே போவதாகச் சொன்னேன். காலையில் கிளம்பும்போது அந்த அறுபத்தொரு டிராக் ஃபைலையும் பையில் வைத்துக் கொடுத்தாள். “வெறும் வாயால சொன்னா எவன் நம்புவான்? இதையும் எடுத்துக்கினு போங்க” என்றாள். இவ்வளவு நாளும் அந்த ஃபைலைப் பழைய பேப்பர்காரருக்குப் போடப் போவதாக மிரட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

மொபெட்டில்தான் போனேன். சின்னசேலம் வரை இரண்டு லாரி, ஒரு ஸ்கூல் வேன், கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் என்னைத் தாண்டிப் போயின. ஒரு சைக்கிள்காரர் மட்டும் தாண்டவில்லை. அவர் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் இரண்டு பக்கமும் நிலம். பருத்தி, மரவள்ளி, மக்காச்சோளம். ஒரு இடத்தில் இரண்டு பெண்கள் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் மோட்டார் கொட்டகைச் சுவரில் யாரோ பிள்ளைகளின் உயரத்தைக் கரியால் குறித்து வைத்திருந்தார்கள். வீட்டைத் தொடாதே, கோயிலைத் தொடாதே என்று சட்டம் போட்ட நான், வயலைத் தொடாதே என்று ஏன் போடவில்லை? வரைபடத்தில் வெள்ளையாக இருப்பதெல்லாம் காலி இடம் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? காகிதத்தின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் இந்த வியாதி வந்துவிடும் போலிருக்கிறது. எனக்காவது அதிகாரம் இல்லை. அந்த மட்டும் ஊர் பிழைத்தது.

ஏழுமலை வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“கண்ணாடிய நீங்களே எடுத்துக்கினு வந்துட்டீங்களா பாய்? நான் வந்திருப்பனே.”

பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். அஞ்சலையின் தம்பி தனபால். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் ஏற்பாடு செய்திருப்பது அவர்தான். டவுனிலிருந்து பாய் வந்திருக்கிறார் என்றதும் அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். தனியாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போனது.

“அண்ணே, அது ரிங் ரோடு இல்ல. ரோடே இல்ல. அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான். பொழுதுபோக்குக்காக வரைஞ்சேன்.”

தனபால்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“யாருங்க உங்கள அனுப்பிச்சது?”

“யாரும் அனுப்பல தம்பி.”

“ஜனங்க கூடிட்டாங்கன்னு தெரிஞ்சி, ஆபீஸ்லேர்ந்து ஆள வுட்டு அமுக்கப் பாக்கறாங்களா? பொழுதுபோக்குக்கு ஊரச் சுத்தி ரோடு போடுவாங்களா யாராவது? யாரு காதுல பூ சுத்தறீங்க?”

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டது அன்றுதான்.

ஃபைலைப் பிரித்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். தியாகதுருகம், சங்கராபுரம், கோமுகி அணை, மலைமேல் வெள்ளிமலை... இடம் போதாமல் தரையிலும் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கக் கல்லும் வைத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“ஐய, இது எங்க அம்மா வூடு இருக்கிற ஊரு” என்றார் ஒரு பெண். “எங்க ஊரையும் வுட்டு வைக்கலியா இவுரு?”

தனபால் ஒரு தாளைக் கையில் எடுத்தார். ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்த குறிப்பைச் சத்தமாகப் படித்தார். “‘மழை பெய்தால் நான்காவது வளைவில் வழுக்கும். ஜாக்கிரதை.’” தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். “யாருக்குங்க ஜாக்கிரதை?”

“ஓட்டறவங்களுக்கு.”

“யாரு ஓட்டறாங்க?”

“யாரும் இல்லீங்க.”

அம்மா ஊரைக் கண்டுபிடித்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது பக்கத்திலிருந்தவருக்குத் தொற்றியது. தனபாலும் எவ்வளவு நேரம்தான் அடக்குவார்? தாளைக் கையில் வைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “மழ பேஞ்சா வழுக்குமாம்... யாருமே போவலியாம்...” இத்தனை நாளும் நான் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அதுதான். பெருமழையில் நனைகிற மாதிரி நின்று அதை வாங்கிக்கொண்டேன். சிரித்தால் நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் வருத்தப்பட்டார். “அப்ப நெஜமாவே ரோடு வராதுங்களா? ரோட்டோரமா ஒரு டீக்கடை போடலாம்னு வூட்டுல சொல்லி வச்சிட்டனே.” எந்தச் செய்திக்கும் ஊரில் இரண்டு பக்கம் இருக்கத்தான் செய்கிறது.

சிரிக்காதவர் ஏழுமலை ஒருவர்தான். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

“கொல்லிக்குத்தான் போறாரு. நீங்களும் போங்க” என்றார் தனபால். சிரிப்பு நின்றிருந்தது.

பின்னாலேயே போனேன். மக்காச்சோளம் தோள் உயரத்துக்கு நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானித்துக்கொண்டுதான் நடந்தேன்.

கிணற்றைத் தாண்டி வேப்பமரம். மூன்று வருஷத்தில் என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. அதன் நிழலில் சிமென்ட் பூசிய ஒரு சின்ன சமாதி, விளக்கு வைக்க ஒரு மாடம். மரத்தில் ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சமாதியைச் சுற்றி, தோண்ட வேண்டிய அளவுக்கு, சுண்ணாம்பால் நீளமாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்.

வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் நான் சிவப்பாகப் போட்டது, இங்கே மண்ணில் வெள்ளையாக வந்திருந்தது.

ஏழுமலை கோட்டின் பக்கத்தில் போய் நின்றார். காலால் அதைத் தேய்க்க ஆரம்பித்தார். குதிகாலால் அழுத்தி, மண்ணோடு மண்ணாக... மெதுவாக ஒரு பக்கத்தை அழித்து முடித்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து தேய்த்தேன். நான்கு பக்கமும் அழிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, அழுதேன்.

“மன்னிச்சிடுங்க அண்ணே. அந்தப் படத்தை இங்கயே, உங்க எதிரிலயே கிழிச்சிப் போட்டுடறேன்.”

அவர் சமாதியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நாலு நாளா இவ கிட்ட வந்து வந்து சொல்லிக்கினு இருந்தேங்க. ‘பயந்துக்காத, வேற எடத்துக்குத்தான் மாத்தறேன், நானும் கூடவே வருவேன்’னு. இப்ப ஒண்ணும் இல்ல, படுத்துக்கோன்னு சொல்லணும். பைத்தியக்காரன்னு நெனைப்பா.”

சொல்லிவிட்டு, கையை நீட்டினார். “அந்தப் படத்தக் காட்டுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். என் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தேன். அவருக்கு வேண்டியது இரண்டரை, என்னுடையது இரண்டு. கையைத் தூர நீட்டிப் பிடித்துச் சமாளித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுல வண்டிங்க எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “ஏரிக்கரைப் பக்கத்துலேர்ந்து வரும்ணே.”

“வேகமாவா?”

“கரை மேல நல்ல வேகமா வரும். இந்த வளைவு கிட்ட வந்ததும் பிரேக் போட்டே ஆவணும். இந்த டிராக்லயே ரொம்ப மெதுவா போற எடம் இதுதான்.”

“மெதுவாத்தான் போவும்?”

“ஆமாங்க. ஆளு முகம் தெரியற அளவுக்கு மெதுவா.”

ஏழுமலை தாளை மடியில் வைத்துக்கொண்டார். மக்காச்சோளத் தோகைகள் உரசிக்கொண்டிருந்தன. தூரத்தில் மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் மறையும் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

“களை எடுக்கறப்ப பஸ்சு சத்தம் கேட்டா இவ நிமிந்துடுவாங்க. அது கண்ணுக்கு மறையற வரிக்கும் குனிய மாட்டா. ‘இன்னாடி அதுல உங்க மாமனா போறான்’னு திட்டுவேன். கல்வராயன் மலைக்கு ஒருவாட்டி பஸ்சுல போய்ட்டு வரலாம்னு கேட்டுக்கினே இருந்தா. அறுப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும்னு நானும் சொல்லிக்கினே இருந்துட்டேன்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளையும் கண்ணாடியையும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“கிழிக்காதீங்க பாய். மரத்துக்கு அந்தாண்ட கொஞ்சமா தள்ளிப் போட்டுக்கோங்க.” எழுந்து இரண்டு எட்டு வைத்தவர் நின்று திரும்பினார். “ரொம்பத் தள்ளிடாதீங்க.”

அன்று மத்தியானம் கடையைத் திறக்கவில்லை. உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். ஸ்டார்ட்டிங் பாயிண்டை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வேப்பமரத்தடியில் பார்வையாளர் கேலரி மட்டும் போட்டுவிட்டேன் — ஒரே ஒரு சீட்.